கல்லூரிக் கபடி வீரரைத் தேர்வுக்கு முன் அளந்து பார்ப்பது எப்படி

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், பூலாங்குறிச்சி வட்டாரக் கல்லூரிகளில் கபடி ஆடும் மாணவர்களுள் யாரை அழகப்பா பல்கலைக்கழக அணித் தேர்வுக்கு அனுப்புவது, யாரைத் தொழில்முறைக் குழுக்களின் தேர்வு முகாமுக்குப் பரிந்துரைப்பது என்று முடிவு செய்ய வேண்டிய உடற்கல்வி இயக்குநர்களுக்கும் பயிற்சியாளர்களுக்குமாக இதை எழுதுகிறேன். 2014-ல் புரோ கபடி லீக் தொடங்கியது. 2017-ல் தமிழ் தலைவாஸ் அணி அதில் சேர்ந்தது. அதன் பிறகு நம் ஊர்ப் பையன்களுக்குக் கபடி ஒரு தொழிலாகவும் அமையலாம் என்ற நம்பிக்கை வந்திருக்கிறது. ஆனால் தேர்வு நடக்கும் முறை பெரும்பாலும் மாறவில்லை. ஒரு காலைப் பொழுதில் கலப்பு அணிகளாகப் பிரித்து ஆடவிட்டு, அன்று கண்ணில் பட்டவரை எடுத்துக்கொள்கிறோம். அன்று மூன்று ரைடுகள் மட்டுமே கிடைத்த பையன், பலவீனமான கார்னர்களுக்கு (ஓரத்தில் நிற்கும் தடுப்பு வீரர்களுக்கு) எதிரே ஆடிப் புள்ளிகளைக் குவித்த பையன், முதல் நாள் இரவு கோயில் திருவிழாப் போட்டியில் ஆடிவிட்டுத் தூக்கமின்றி வந்த பையன் ஆகிய மூவரையும் அந்த முறை ஒரே தட்டில் வைத்துவிடுகிறது. உடற்திறன் சோதனை இந்தக் குறையில் ஒரு பகுதியைத் தீர்க்கும். எந்தப் பகுதியைத் தீர்க்கும், எதைத் தீர்க்காது என்று தெரிந்துகொண்டு நடத்தினால்தான் அதனால் பயன் உண்டு.

இவ்வகைச் சோதனையை மிக நீண்ட காலமாக, மிக விரிவாக நடத்தி வருபவர்கள் அமெரிக்கக் கால்பந்துக்காரர்கள். நாம் ஆடும் கால்பந்து அன்று. கவசம் அணிந்து நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஆடும் அவர்களுடைய ஆட்டம். அங்கே கல்லூரி வீரர்களை அவர்களுடைய தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். அணிகள் 'டிராஃப்ட்' முறையில் வரிசையாகத் தேர்ந்தெடுப்பதற்குச் சில வாரங்கள் முன்பு, முன்னூறுக்கும் மேற்பட்டவர்களை ஒரே இடத்துக்கு அழைத்து அளக்கிறார்கள். 1982-ல் ஃபுளோரிடாவின் டாம்பா நகரில் இது தொடங்கியது. 1987 முதல் இண்டியானாபோலிஸில் நடக்கிறது. தொடக்கத்தில் இதன் முதன்மையான நோக்கம் மருத்துவப் பரிசோதனைதான்; ஒவ்வோர் அணியும் தனித்தனியே ஒவ்வொரு வீரரையும் மருத்துவரிடம் அனுப்பும் செலவைத் தவிர்க்கவே ஒன்று கூடினார்கள். 40 கஜ ஓட்டம், நின்ற நிலையில் மேலே தாண்டுதல், நீளத் தாண்டுதல், 102 கிலோ எடையை மார்பிலிருந்து எத்தனை முறை தூக்க முடிகிறது என்ற எண்ணிக்கை, 5-10-5 கஜ ஷட்டில் (இருபுறமும் திரும்பித் திரும்பி ஓடுவது), மூன்று கூம்புகளைச் சுற்றும் ஓட்டம் ஆகியவை அங்குள்ள முக்கியமான சோதனைகள்.

அந்தப் பட்டியலை அப்படியே நம் மைதானத்துக்குக் கொண்டுவருவது வீண் வேலை. 40 கஜம் என்பது ஏறத்தாழ 36.6 மீட்டர். ஆண்கள் கபடிக் களத்தின் முழு நீளமே 13 மீட்டர்தான். ரைடர் புகும் எதிர்ப்பாதி 6.5 மீட்டர். நடுக்கோட்டிலிருந்து பாக் லைன் (ரைடர் தாண்ட வேண்டிய கோடு) 3.75 மீட்டரிலும் போனஸ் லைன் (கூடுதல் புள்ளிக்கான கோடு) 4.75 மீட்டரிலும் இருக்கின்றன. ஆக, ஒரு ரைடர் வாழ்நாள் முழுவதும் ஆடினாலும் 36 மீட்டரை ஒரே மூச்சில் நேராக ஓடப்போவதில்லை. அவருக்கு வேண்டியது முதல் 5 மீட்டர் வேகம், நின்று திரும்பும் திறன், திரும்பிய கணத்தில் மறுபடி பாயும் திறன் ஆகியவையே. ஆகவே ஆட்டத்திலிருந்து சோதனையை வகுக்க வேண்டும். கையில் கிடைத்த சோதனையைக் கொண்டு ஆட்டத்தை அளக்கக் கூடாது. அமெரிக்கர்களே கூட 40 கஜ ஓட்டத்தில் முதல் 10 கஜத்துக்கான நேரத்தைத் தனியே குறித்துக்கொள்கிறார்கள். தடுப்புச் சுவராக நிற்கும் கனமான வீரர்களை மதிப்பிடும்போது முழு ஓட்டத்தைவிட அந்த முதல் 10 கஜத்தையே பலர் நம்புகிறார்கள்.

நேரத்தை அளப்பது

மற்ற எல்லாவற்றையும்விட இங்கேதான் அதிகக் கவனம் வேண்டும். நம் ஊர்ச் சோதனைகள் பெரும்பாலும் இந்த இடத்திலேயே கெடுகின்றன. ஸ்டாப்வாட்ச்சைக் கையால் அழுத்தி எடுக்கும் நேரம் மின்னணுக் கருவி காட்டும் நேரத்தைவிடக் குறைவாக வரும். விசில் ஒலியைக் கேட்டோ அசைவைப் பார்த்தோ அழுத்துபவரின் விரல் தாமதமாகத்தான் தொடங்கும். முடிவுக் கோட்டில் ஓடி வருபவரை முன்கூட்டியே எதிர்பார்ப்பதால் அங்கே அந்தத் தாமதம் இருக்காது. தடகளத்தில் 100 மீட்டர் ஓட்டத்தின் கை நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிட 0.24 வினாடியைக் கூட்டுவது வழக்கம். நூறு மீட்டரில் அது சிறு பிழை. 5 மீட்டர் ஓட்டமோ ஏறத்தாழ ஒரு வினாடியில் முடிந்துவிடுகிறது. அதில் கால் வினாடிப் பிழை என்றால் அளவே இல்லை என்று பொருள். ஆகவே 10 மீட்டருக்கு உட்பட்ட எந்த ஓட்டத்தையும் கையால் அளக்காதீர்கள்.

ஒளிக்கற்றைக் கருவி வாங்கப் பணம் இல்லாத கல்லூரிக்கு ஒரு கைபேசி போதும். இப்போது சாதாரண விலையில் கிடைக்கும் பல கைபேசிகளில் வினாடிக்கு 120 அல்லது 240 சட்டங்கள் (ஃபிரேம்கள்) பதிவாகும் மெதுவியக்கக் காணொளி வசதி இருக்கிறது. 240 சட்டம் என்றால் ஒரு சட்டத்துக்கு 0.004 வினாடி. கைபேசியை முக்காலியில் பொருத்தி, ஓடுபாதைக்குப் பக்கவாட்டில், பாதையின் நடுப்புள்ளிக்கு நேர் எதிரே, இரண்டு கோடுகளும் திரையில் தெரியும் அளவுக்குத் தள்ளி வையுங்கள். கோட்டைக் கடப்பது சாய்வாகத் தெரியாமலிருக்க, கைபேசியின் பார்வைக்கோட்டில் சரியாக விழும்படி தொடக்கத்திலும் முடிவிலும் ஒவ்வொரு கம்பை நட்டுவிடுங்கள். பின்பாதம் தரையைவிட்டு அசையும் முதல் சட்டத்திலிருந்து இடுப்பு இரண்டாவது கம்பைக் கடக்கும் சட்டம் வரை எண்ணுங்கள். 262 சட்டங்கள் வந்தால் 262-ஐ 240-ஆல் வகுக்க 1.09 வினாடி. இதனால் விசிலுக்கு எவ்வளவு விரைவாகப் பையன் செவி சாய்த்தான் என்பதும் கணக்கில் கலக்காது. அவன் அசையத் தொடங்கிய பிறகான வேகம் மட்டுமே கிடைக்கும். எல்லாருக்கும் ஒரே கைபேசி, ஒரே இடம், எண்ணுபவர் ஒருவரே என்பதை மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள். வேறு கல்லூரியில் வேறு முறையில் எடுத்த நேரத்தை இதனோடு ஒப்பிடாதீர்கள். அமெரிக்காவில் கல்லூரிகள் தங்கள் வளாகத்திலேயே நடத்தும் சோதனை நாளில் கையால் எடுத்த நேரங்களை, இண்டியானாபோலிஸ் நேரங்களுக்குச் சமமாகத் தேர்வாளர்கள் எடுத்துக்கொள்வதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

நாளும் களமும்

சித்திரை, வைகாசியில் சிவகங்கைச் சீமையின் வெயில் எந்தச் சோதனையையும் பொய்யாக்கிவிடும். காலை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடித்துவிடுங்கள். இரண்டு நாட்களாகப் பிரிப்பது இன்னும் நல்லது. முதல் நாள் உடல் அளவுகளும் வேகமும் தாண்டலும். மறுநாள் பிடிவலிமையும் தாக்குப்பிடிக்கும் திறனும். களைப்பூட்டும் சோதனை எப்போதும் கடைசியில்தான் வர வேண்டும்.

நம் கிராமங்களில் செம்மண் களத்தில் வெறுங்காலோடு ஆடி வளர்ந்த பையன் கல்லூரியின் கபடி விரிப்பில் (மேட்) காலணியோடு முதல் முறை ஓடும்போது அவன் நேரம் கட்டாயம் கெடும். விரிப்பின் பிடிப்புக்கு அவன் கால் பழகவில்லை. திரும்பும் இடத்தில் தயங்குவான். அவனை அந்த ஒரே நாளில் தள்ளிவிட்டால் தவறு நம்முடையது. சோதனைக்கு முன் சில வாரங்கள் விரிப்பில் பயிற்சி கொடுங்கள். அது முடியாதென்றால், எல்லாரையும் மண் களத்திலேயே அளந்து, அந்த விவரத்தைப் பதிவேட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு சோதனையையும் முன்பே ஒத்திகை பார்க்கவும் இடம் கொடுங்கள். அமெரிக்க வீரர்கள் இந்தச் சோதனைகளுக்கென்றே வாரக்கணக்கில் தனிப் பயிற்சி எடுத்துக்கொண்டு வருகிறார்கள். நின்ற நிலையிலிருந்து பாய்வதில் காலை எங்கே வைப்பது என்று கற்றுக்கொண்டவருக்கும் கற்காதவருக்கும் உள்ள இடைவெளி, திறமையின் இடைவெளியாகத் தோன்றிவிடும்.

எடை விஷயத்தில் ஓர் எச்சரிக்கையை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். கபடியில் எடை வரம்பு இருப்பதால், போட்டிக்கு முன் பையன்கள் தண்ணீரும் சோறும் விட்டு எடையைக் குறைக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அப்படி வற்றிய உடம்போடு வந்தவரைச் சோதிக்கவே கூடாது. எண்கள் பொய்யாகும் என்பதோடு, வெயிலில் அது உயிருக்கே ஆபத்து. முதல் நாள் சரியாக உண்டாரா, இரவு தூங்கினாரா, முழங்காலிலோ தோளிலோ பழைய அடி இருக்கிறதா என்று ஒவ்வொருவரையும் தனியாக அழைத்துக் கேளுங்கள். மற்றவர்கள் முன்னால் கேட்டால் தேர்வு கைவிட்டுப் போகுமோ என்ற பயத்தில் மறைத்துவிடுவார்கள். முழங்கால் தசைநார் கிழிந்த வரலாறு உள்ளவரை மருத்துவர் பார்க்காமல் திரும்பும் ஓட்டத்தில் இறக்காதீர்கள்.

எதை அளப்பது

உயரம், எடை, இரு கைகளையும் விரித்த நீளம், கால் நீளம் ஆகிய நான்கையும் முதலில் குறியுங்கள். கை நீண்டவருக்குத் தொட்டுத் திரும்பும் தூரம் குறையும். கால் நீண்டவருக்குக் காலால் தொடும் எல்லை கூடும்.

ஓட்டத்தில் 10 மீட்டரை வைத்து 5 மீட்டரிலும் நேரம் எடுங்கள். அடுத்தது திரும்பும் சோதனை: 5 மீட்டர் பாய்ந்து, கோட்டில் ஒரு காலை ஊன்றித் திரும்பி, 5 மீட்டர் மீள வேண்டும். இடது காலை ஊன்றி இரு முறை, வலது காலை ஊன்றி இரு முறை எடுங்கள். நேர் ஓட்டத்தில் முதலிடம் பெற்றவர் இதில் பின்தங்குவதைப் பார்ப்பீர்கள். அவரால் வேகத்தை எடுக்க முடிகிறது, அடக்க முடியவில்லை. கபடியில் அவர் போனஸ் லைன் வரை அழகாகப் போய், திரும்பும் கணத்தில் மாட்டிக்கொள்பவர். இரு கால்களுக்கும் இடையே பெரிய வேறுபாடு இருந்தால், அவர் ஒரே பக்கமாகத் திரும்புவார் என்று எதிரணி இரண்டு ரைடுகளில் கண்டுபிடித்துவிடும். அந்த வேறுபாடு பழைய அடியொன்றின் சுவடாகவும் இருக்கலாம். என் கணிப்பில், ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் உண்டு என்றால் இதைத்தான் நடத்த வேண்டும்.

மேல் நோக்கிய தாண்டலுக்குச் சுவரும் சுண்ணப்பொடியும் போதும். நின்று கையை நீட்டித் தொட்ட இடத்துக்கும் தாண்டித் தொட்ட இடத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சென்டிமீட்டரில் எடுங்கள். ஆனால் அந்த உயரத்தை மட்டும் வைத்து இருவரை ஒப்பிடாதீர்கள். விளையாட்டு அறிவியலில் பயன்படும் சேயர்ஸ் வாய்பாடு, தாண்டிய உயரத்தை 60.7-ஆலும் உடல் எடையை 45.3-ஆலும் பெருக்கி, இரண்டையும் கூட்டி, 2055-ஐக் கழிக்கச் சொல்கிறது. கிடைப்பது வாட்ஸ் கணக்கில் உச்சத் திறனின் மதிப்பீடு. 60 கிலோ எடையுள்ளவர் 60 செ.மீ. தாண்டினால் 4305 வாட்ஸ். 80 கிலோ எடையுள்ளவர் 52 செ.மீ. மட்டுமே தாண்டினாலும் 4725 வாட்ஸ். உயரத்தில் பின்தங்கிய அந்தக் கனமான பையன், ரைடர் மீது மோதித் தடுக்கும் கவர் இடத்தில் நிற்கத் தகுந்தவராக இருக்கலாம்.

எடையைச் சேர்த்துப் பார்க்கும் இதே எண்ணம் அமெரிக்காவிலும் உண்டு. பில் பார்ன்வெல் வகுத்த 'ஸ்பீட் ஸ்கோர்', வீரரின் பவுண்டு எடையை 200-ஆல் பெருக்கி, 40 கஜ நேரத்தின் நான்காம் அடுக்கால் வகுக்கிறது. 200 பவுண்டு எடையில் 4.5 வினாடியில் ஓடியவருக்கு 97.5 வருகிறது, 225 பவுண்டு எடையில் 4.6 வினாடி எடுத்தவருக்கு 100.5. மெதுவாக ஓடியவர் மேலே வந்துவிடுகிறார். அந்த வாய்பாட்டை நாம் பயன்படுத்த முடியாது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, எடையைப் பக்கத்தில் எழுதாத வேகம் அரைகுறைத் தகவல் என்ற பாடத்தை மட்டுமே.

பிடிவலிமையைக் கைப்பிடிமானி கொண்டு ஒவ்வொரு கையிலும் மூன்று முறை எடுத்து, சிறந்ததை வைத்துக்கொள்ளுங்கள். கணுக்கால் பிடியை நம்பி ஆடும் கார்னர்களுக்கு இது இன்றியமையாதது. கருவி இல்லையென்றால் கம்பியில் துண்டைச் சுற்றித் தொங்கும் நேரத்தை எடுக்கலாம். அதில் கனமானவர்கள் இயல்பாகவே பின்தங்குவார்கள் என்பதால், ஏறத்தாழ ஒரே எடையுள்ளவர்களைத்தான் ஒப்பிட வேண்டும். கணுக்காலின் வளைவையும் பாருங்கள்: சுவருக்கு எதிரே பாதத்தை வைத்து, குதிகால் தரையைவிட்டு எழாமல் முழங்காலால் சுவரைத் தொட முடிகிற தொலைவு எவ்வளவு என்று அளந்தால் போதும். புரோ கபடி ரைடர் பர்தீப் நர்வாலின் டுப்கியை (தடுப்பவர்களுக்கு அடியில் குனிந்து தப்பும் உத்தியை) பார்த்துவிட்டு வந்து, கைகோத்து நிற்கும் தடுப்பவர்களின் சங்கிலிக்கு அடியில் புக நினைக்கும் பையனுக்கு இடுப்பும் கணுக்காலும் அந்த அளவுக்குத் தாழ வேண்டும்.

தாக்குப்பிடிக்கும் திறனுக்கு நீண்ட தூர ஓட்டம் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆட்டம் 40 நிமிடம். ஆனால் ஒரு ரைடு 30 வினாடிக்குள் முடிந்துவிடுகிறது. 5 மீட்டர் தூரத்தை நான்கு முறை கடக்கும் ஷட்டிலை, 25 வினாடி ஓய்வுவிட்டு ஆறு முறை ஓடச் செய்யுங்கள். ஆறு நேரங்களையும் கூட்டி, சிறந்த நேரத்தின் ஆறு மடங்கால் வகுத்தால் தளர்ச்சி தெரியும். சிறந்தது 6.0 வினாடி, மொத்தம் 37.8 என்றால் விடை 1.05, அதாவது 5 சதவீதத் தளர்ச்சி. ரைடர்களை இதே ஷட்டிலைக் 'கபடி கபடி' என்று விடாமல் உரக்கப் பாடிக்கொண்டே ஓடச் செய்யுங்கள். பாட்டு இல்லாமல் நன்றாக ஓடிய சிலர் பாட்டோடு ஓடும்போது நான்காவது சுற்றிலேயே துவண்டுவிடுவதைக் காண்பீர்கள். மூச்சை அடக்கிப் பாடிக்கொண்டே பாய்வது தனித் திறமை. வேறெந்த விளையாட்டின் சோதனைப் பட்டியலிலிருந்தும் அதை இரவல் வாங்க முடியாது.

எண்களைப் படிப்பது

முதலில் உங்கள் அளவீட்டின் பிழை எவ்வளவு என்று தெரிந்துகொள்ளுங்கள். ஐந்தாறு பையன்களை இரண்டு நாள் இடைவெளியில் மறுபடி அளந்தால், ஒருவருடைய தாண்டலே 2 செ.மீ. ஏறி இறங்குவதைப் பார்ப்பீர்கள். அப்படியானால் இருவருக்கு இடையே உள்ள 1.5 செ.மீ. வேறுபாட்டை வேறுபாடாகக் கொள்ள முடியாது. தசமத்தின் இரண்டாம் இடத்தை வைத்துத் தரவரிசை போட்டு, ஒரு பையனின் வாய்ப்பைப் பறிப்பது அநீதி.

அடுத்து, ஒவ்வொருவரையும் அவர் ஆடும் இடத்துக்குள்ளேயே ஒப்பிடுங்கள். ரைடர்களின் 5 மீட்டர் சராசரி 1.10 வினாடி, திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து எண்கள் சிதறும் அளவு) 0.05 என்று வந்தால், 1.02 எடுத்தவர் தம் குழுவைவிட 1.6 விலக்க அளவு மேலே நிற்கிறார். இந்த எண்ணைக் கொண்டு வேகத்தையும் தாண்டலையும் பிடிவலிமையையும் ஒரே அலகில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆனால் எல்லாவற்றையும் கூட்டி ஒற்றை மதிப்பெண் ஆக்காதீர்கள். கார்னருக்குப் பிடிவலிமையும் திரும்பும் வேகமும், கவருக்கு எடையோடு கூடிய திறன், ரைடருக்கு முதல் 5 மீட்டரும் மீளுதலும் பாட்டுடன் கூடிய தாக்குப்பிடித்தலும் முன்னே வர வேண்டும். வயதையும் ஆடத் தொடங்கிய ஆண்டையும் அருகில் எழுதுங்கள். முறையான பயிற்சியே பெறாத 18 வயது முதலாண்டு மாணவர், முதுகலை படிக்கும் 23 வயதுக்காரரோடு சமமாக நின்றால், இளையவருக்கு வளர இன்னும் இடம் இருக்கிறது. இவற்றை ஆண்டுதோறும் சேர்த்து வைத்தால், மூன்று நான்கு ஆண்டுகளில் நம் வட்டார மாணவர்களுக்கே உரிய ஓர் அளவுகோல் கைக்கு வந்துவிடும்.

எண்களுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்பதற்கு அமெரிக்க அனுபவமே நல்ல பாடம். 2000-ல் டாம் பிரேடி 40 கஜத்தை 5.28 வினாடியில் ஓடினார். டிராஃப்டில் 199-ஆவது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார். பிறகு என்.எஃப்.எல். இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை ஏழு முறை வென்றார். 2017-ல் ஜான் ராஸ் 4.22 வினாடியில் ஓடி அன்றைய சாதனையைப் படைத்து ஒன்பதாவது ஆளாகத் தேர்வானார். ஆனால் அந்த வேகத்துக்கு ஏற்ற ஆட்டத்தை அவரால் தர முடியவில்லை. 4.7 வினாடிக்கு மேல் எடுத்த ஆங்குவான் போல்டின் தம் முதல் பருவமான 2003-லேயே 101 பந்துகளைப் பிடித்தார். குஸ்மிட்ஸும் ஆடம்ஸும் 2008-ல் வெளியிட்ட ஆய்வு, பந்தை ஏந்தி ஓடும் வீரர்களின் ஓட்ட நேரத்தைத் தவிர, மற்றச் சோதனைகளுக்கும் பிற்கால ஆட்டத்துக்கும் நிலையான தொடர்பு இல்லை என்று கண்டது. சோதனை ஆட்டத்தின் வேலைக்கு மிக நெருங்கி இருந்த இடத்தில் மட்டுமே எண் பேசியது என்று இதை நான் புரிந்துகொள்கிறேன்.

ஆகவே எண்களை எடுத்துக்கொண்டு ஆட்டக் காணொளிக்குத் திரும்புங்கள். எண்ணும் ஆட்டமும் ஒத்துப்போகும் பையனைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. ஒத்துப்போகாதவரிடம்தான் உங்கள் நேரத்தைச் செலவிட வேண்டும். திரும்பும் ஓட்டத்தில் முதல்வராக இருந்தும் ஆட்டத்தில் அடிக்கடி பிடிபடுகிறார் என்றால், அவர் எந்த இடத்தில் திரும்புகிறார், கார்னரின் கையைப் பார்க்கிறாரா, காலைப் பார்க்கிறாரா, பாக் லைனைத் தாண்டுவதற்குள்ளேயே அவசரப்படுகிறாரா என்று ஒவ்வொரு ரைடாகப் பாருங்கள். அது கற்றுக்கொடுத்துத் திருத்தக்கூடிய குறை. எண்களில் நடுவாக இருந்தும் ஆட்டத்தில் தொடர்ந்து புள்ளி எடுப்பவரிடம், ஸ்டாப்வாட்ச் காணாத ஒன்று இருக்கிறது. எதிராளி எடை மாற்றும் கணத்தை அவர் படிக்கிறார். அவரை எண்ணுக்காகத் தள்ளாதீர்கள். ஆனால் அவர் இதுவரை ஆடியது எந்தத் தரத்து அணிகளோடு என்று பார்த்து, வலிமையான கார்னர்களுக்கு எதிரே இரண்டு ஆட்டங்களாவது கொடுத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

சோதனைத் தாளின் ஒரு படியை ஒவ்வொரு மாணவரிடமும் கொடுத்துவிடுங்கள். தேர்வாகாதவரிடம் முதலில் கொடுங்கள். அதில் அவர் எண், அவர் இடத்தில் ஆடுபவர்களின் சராசரி, அடுத்த சோதனைக்குள் வளர்க்க வேண்டிய ஒரே ஒரு திறன் ஆகியவை இருந்தால் போதும். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து, அதே களத்தில், அதே நேரத்தில், அதே கைபேசியால் மறுபடி அளங்கள். முதல் முறை கடைசி வரிசையில் நின்று, இரண்டாம் முறை அளவீட்டுப் பிழையைத் தாண்டி முன்னேறியிருக்கும் பையனின் பெயரைப் பரிந்துரைப் பட்டியலில் எழுதுங்கள்.